தேத்தண்ணி வேளைப் பலகாரம்: எதை, எவ்வளவு, எப்போது

வடையைக் குறை சொல்வதற்கு முன் கிளாசைப் பாருங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில், மாலை ஒட்டுக்கடையில் உடம்புக்குள் போகும் சீனியில் பெரும்பங்கு தே தாரிக்கில், அதாவது கெட்டிப் பால் விட்டு ஆற்றிய தேத்தண்ணியில்தான் இருக்கிறது. கெட்டிப் பால் ஒரு மேசைக்கரண்டி சுமார் 20 கிராம். அதில் ஏறக்குறைய பாதி சீனி. இரண்டு கரண்டி விழுந்தால் ஐந்து தேக்கரண்டிச் சீனி ஆயிற்று. பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளுக்குச் சுமார் 50 கிராம், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது.

ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் பழையபடி ஆகிவிடும். முதல் இரண்டு வாரம் ‘கொராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) சொல்லுங்கள், பிறகு ‘தே சி கொசோங்’ (சீனி போடாமல், இனிப்பில்லாத டின் பால் விட்ட தேத்தண்ணி). கொசோங் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்; வெறும் ‘தே ஓ’ (பால் இல்லாத தேத்தண்ணி) கேட்டாலும் சீனி போட்டுத்தான் வரும்.

டின் பானங்களுக்கு ஒரு கணக்கு. மலேசியாவில் 2019 ஜூலை முதல், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு வரி உண்டு. அந்த 5 கிராமையே வீட்டிலும் அளவாக வைத்துக்கொள்ளலாம். லேபிளில் 100 மில்லிக்கு 10 கிராம் என்றிருந்தால், 320 மில்லி டின்னில் 32 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டி.

வேலை முடிந்து வரும் பசிக்குச் சுண்டலை மிஞ்ச ஒன்றுமில்லை. கறுப்புக் கொண்டைக்கடலை 200 கிராம் நாலு பேருக்குக் காணும். விடியுமுன் ரப்பர் பால் வெட்டுக்குக் கிளம்பும் வீடுகளில், கிளம்பும்போதே ஊறப்போட்டால் மத்தியானத்துக்குள் எட்டு மணி நேரம் ஆகிவிடும். ஊறாத கடலை வேக வெகுநேரம் பிடிக்கும், ஆறு விசிலில் நடு கல்லாகவே நிற்கும். கடலைக்கு மேல் ஒரு விரற்கடை தண்ணீர், உப்பு, ஆறு விசில். தண்ணீரை நன்றாக வடித்த பிறகே தாளியுங்கள், இல்லாவிட்டால் கூழாகும். வடித்த தண்ணீர் ரசத்துக்கு. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. இறக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், கொஞ்சம் லீமாவ் காஸ்தூரி (சின்ன எலுமிச்சை) சாறு.

மரவள்ளிக்கிழங்கும் நல்லதுதான். உள்தோல்வரை சீவி, நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பச்சைக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. இது சோற்றுக்குச் சமம், ஆகவே ராத்திரிச் சோற்றைக் குறைக்க வேண்டும். கொய்யாவுக்கு ஆசாம் போய்த் தூள் (உப்பிட்டுக் காயவைத்த பிளம் பழத்தூள்) ஒரு சிட்டிகை போதும், அதில் உப்பு அதிகம்.

கச்சாங் பூத்தேயை (கடலை, முறுக்கு வகை நொறுக்குத்தீனி) பொட்டலத்திலிருந்து நேராகத் தின்னாதீர்கள். ஈப்போ புந்தோங்கிலிருந்து வந்ததென்றாலும் இதே சட்டம்தான்! கைப்பிடி அளவு, சுமார் 30 கிராம், கிண்ணத்தில் போட்டுப் பொட்டலத்தைக் கட்டிவிடுங்கள். காறல் வாடையோ பூஞ்சையோ தெரிந்தால் மொத்தமும் குப்பைக்கு.

ஆசைப் பலகாரத்துக்கு பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நாளை ஒதுக்குங்கள். வெறும் வயிற்றோடு போகாமல், வீட்டில் ஒரு பழம் தின்றுவிட்டுப் போனால் கை அடங்கும். பீசாங் கோரெங் (வாழைப்பழப் பொரியல்) ஆளுக்கு இரண்டு என்று எண்ணி வாங்குங்கள். விலை மலிவு என்று ஒரு பை வாங்கினால் மிச்சம் மறுநாள் காலைப் பசியாறலுக்கு வந்து நிற்கும். எண்ணெய் கறுத்து நுரை கட்டிய சட்டியென்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

வீட்டில் உளுந்து வடை சுட்டால் மாவைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டுங்கள். தளர்ந்த மாவு எண்ணெய் குடிக்கும். ஒரு துளி மாவை எண்ணெயில் விட்டால் உடனே மேலே வர வேண்டும். அடியில் தங்கினால் சூடு போதாது.

இனிப்புநீர் உள்ளவர்கள், ராத்திரி கேசரிக்கு ஈடாக மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுப்பவருக்குச் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். பலகாரத்தின் அளவையும் நேரத்தையும் அரசாங்கக் கிளினிக்கில் மருந்து எடுக்கப் போகும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.