பழைய கொம்பியூட்டர்ல படம் வர வைக்கிறது எப்பிடி

தோட்டத்து ஆபீஸ்ல ஒதுக்கிப் போட்ட பழைய ஐபிஎம் பீசி கெடச்சா ஒடனே கரண்ட் குடுத்துறாதீங்க, நம்ம ஹட்டன் நுவரெலியா பக்கம் மிஸ்ட்ல எல்லாமே ஈரம் குடிச்சிருக்கும், ரெண்டு மூணு நாள் நல்லா காயட்டும். படம் அனுப்புற வீடியோ கார்டைக் கழட்டி அதோட மஞ்சக் கலர் உலோகப் பல்லுகள பென்சில் அழிக்கிற ரப்பரால தேச்சிருங்க.

இப்ப கார்டோட பின்பக்கம், மொனிட்டர் குத்துற சொக்கெட்டப் பாருங்க. 15 பின் மூணு வரிசையா இருந்தா விஜிஏங்கிற வகை, 1987ல வந்தது, பிரச்சினையே இல்ல. 9 பின்னா இருந்தாத்தான் தலவலி, எம்டிஏ, சிஜிஏ, இஜிஏங்கிற மூணு பழைய கார்டு வகைக்கும் ஒரே சொக்கெட்! பக்கத்துல பிரின்டர் போர்ட் இருந்தா பெரும்பாலும் எம்டிஏ, எழுத்து மட்டுந்தான். ஒரு வட்ட ஜேக் இருந்தா சிஜிஏ, ரெண்டு இருந்தா இஜிஏ.

ஒரு வகைக் கார்டுல வேற வகை மொனிட்டர மாத்திக் குத்தினா மொனிட்டர் கருகிப் போகலாம், ஏன்னா கோடு கோடா படம் வரையிற வேகம் (ஸ்கேன்) எம்டிஏக்கு 18.4 கிலோஹேர்ட்ஸ், சிஜிஏக்கு 15.7 தான்.

சிஜிஏ மொனிட்டர் இல்லயா, அந்த வட்ட ஜேக்க டீவியோட வீடியோ இன்ல குத்துங்க, ஆனா அதுல வர்றது என்டிஎஸ்சிங்கிற அமெரிக்க டீவி கலர் முறை, நம்ம நாட்டு டீவிக்கு PALங்கிற வேற முறை, அதனால ரெண்டும் எடுக்கிற டீவியா பாருங்க, இல்லாட்டி கலர் வராது.

மொனிட்டர் மூடிய மட்டும் கழட்டவே வேணாம், ஓஃப் பண்ணினாலும் உள்ளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் நிக்கும்.