முழங்கால் வலிக்கு முழு ஓய்வு: தொடங்குவோர் விடும் தவறுகள்

இயன்மருத்துவத் (பிசியோதெரபி) தொழிலில் இருப்பதால், யார் நடந்தாலும் என் கண் முதலில் முழங்காலுக்குத்தான் போகும். புதிதாகப் பயிற்சி தொடங்குவோர் விடும் தவறுகள் வருடம் மாறினாலும் மாறுவதில்லை. தேய்ந்த சப்பாத்து, உடலைச் சூடாக்காத ஓட்டம் போன்றவற்றைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை, விடுகிறேன்.

வலிக்கும் காலை அசையாமல் வைப்பது

இன்றுவரை எனக்குக் கோபம் வருவது இதில்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றதும் பிள்ளைகள் பாசத்தோடு எல்லா வேலையையும் பறித்துவிடுகிறார்கள். விளக்குமாறு போகிறது. கோயிலுக்கு ஓட்டோ வருகிறது. வெளிநாட்டிலிருந்து பேசும் மகனும் “நீங்கள் ஆறுதலாக இருங்கள் அம்மா” என்கிறார்.

யாழ்ப்பாணம் தட்டைத் தரை. ஏற மலை இல்லை, பல வீடுகளுக்கு மாடியும் இல்லை. பாயிலிருந்து எழுவதும் முற்றம் கூட்டுவதும் சைக்கிள் மிதிப்பதும்தான் தொடைக்குக் கிடைத்த வேலை. அதையும் நிறுத்திவிட்டுச் சில மாதம் கழித்து அந்த அம்மா கதிரையை விட்டு எழுவதைப் பாருங்கள். இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, ஒரு உந்தலில் எழுவார். எழுந்ததும் தொடை நடுங்கும். மூட்டு அதற்குள் அவ்வளவு தேயவில்லை. முன்தொடைத் தசை வற்றிவிட்டது.

சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையின் 2 முதல் 3 மடங்கு சுமை முழங்காலில் இறங்குகிறது. படியில் அது இன்னும் கூடும். அந்தச் சுமையைத் தாங்கி மூட்டைத் தளராமல் பிடிப்பது தொடைத் தசை. மூட்டு வீங்கி வலிக்கும்போது அந்தத் தசை முழுப் பலத்துடன் இயங்காது. ஓய்வு அதை மேலும் மெலியவைக்கும். மெலிந்ததால் வலி கூடும். வலி கூடியதால் இன்னும் ஓய்வு. எண்ணெயும் ஒத்தடமும் இதம் தரும், பூசுங்கள். தசை அதனால் வளராது.

கொஞ்சம் உயரமான கதிரையில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டி, மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். 8 முதல் 10 தடவை. முடியாவிட்டால் கதிரையில் தலையணை வைத்து உயர்த்தலாம். சிறு வலி வந்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் தடவைகளைக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி செய்யச் சொல்கிறது. முதியவர்களுக்கும் அதே அளவுதான்.

வலி நின்றதும் பயிற்சியை விடுவது

வற்றிய தசை தேற மாதங்கள் எடுக்கும். விடாதீர்கள்.

விளையாட்டே போதும் என்று நினைப்பது

உதைபந்தாட்டப் பிள்ளைகள் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் விழுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. முழந்தாளிட்டு, கணுக்கால்களை நண்பன் அழுத்திப் பிடிக்க, உடலை மெதுவாக முன்னே சரிக்கும் ‘நோர்டிக்’ பயிற்சியைத் தொடர்ந்து செய்த அணிகளில் இக்காயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. போட்டிக்கு முந்தின கிழமை தொடங்க வேண்டாம். தொடக்கத்தில் தசை கடுமையாக நோகும்.

பயிற்சியில் தூக்கும் எடையை அவசரமாக ஏற்றுவது

தசை முந்திப் பலம் பெறும். அதை எலும்போடு பிணைக்கும் நாண்கள் பிந்தும்.

எல்லா வலிக்கும் பயிற்சி செய்வது

மூட்டு சிவந்து சூடாக வீங்கினால், காய்ச்சல் சேர்ந்தால், விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டால், முழங்கால் மடங்கியபடி பூட்டிக்கொண்டால் அன்றே வைத்தியரிடம் போங்கள்.