டச்சு நிலக்காட்சி ஓவியத்தை எதில் பிரிண்ட் எடுப்பது?

ஓவியம் ஒன்றை பிரிண்ட் போடணும் என்று சென்னையில் எந்தக் கடையில் சொன்னாலும் "கேன்வாஸ்தானே சார்?" என்றுதான் கேட்பார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள். முதலில் மூல ஓவியம் எதில் வரையப்பட்டது என்று பாருங்கள், மியூசியத்தின் இணையப் பக்கத்தில் படத்துக்குக் கீழேயே இருக்கும்.

17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் எல்லாரும் துணியில் வரையவில்லை. ஓக் மரப் பலகையில் வரைந்தவையும் ஏராளம். யான் வான் கோயெனின் ஆற்றங்கரைக் காட்சிகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் பழுப்பும் சாம்பலும் கலந்த மெல்லிய பூச்சுக்கு அடியில் மரத்தின் ரேகை ஓடுவது சில இடங்களில் தெரியும். மியூசியம் எடுத்த நல்ல போட்டோவில் அந்த ரேகையும் பதிவாகியிருக்கும். அதைக் கொண்டுபோய் கேன்வாஸில் அடித்தால் மர ரேகைக்கு மேல் துணி நெசவு ஏறி இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். மரப்பலகை ஓவியம்தானே என்று பிளைவுட்டில் நேராக யுவி பிரிண்ட் போடச் சிலர் ஆசைப்படுவார்கள், அதிலும் இதே கதைதான், பிளைவுட்டின் ரேகை வேறு, ஓக்கின் ரேகை வேறு. கேன்வாஸ் ஓவியத்துக்கும் இது பொருந்தும்: மூலத்தின் நெசவு ஃபைலிலேயே இருக்கிறது, அதற்கு மேல் முரட்டு நெசவுத் துணி வேண்டாம், கேன்வாஸ்தான் வேண்டும் என்றால் கடையில் இருப்பதிலேயே மெல்லிய நெசவைக் கேளுங்கள்.

என் கணக்கு இதுதான். பலகை ஓவியம் என்றால் மழமழப்பான பேப்பர். துணி ஓவியம் என்றால் பேப்பரோ மெல்லிய கேன்வாஸோ, அளவைப் பார்த்து.

அதே காலத்து டச்சு ஓவியர் ஆவர்காம்பின் பனிச்சறுக்குக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருப்பது, 1608 வாக்கில் பலகையில் வரைந்தது, அகலம் ஏறக்குறைய 132 சென்டிமீட்டர். (பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியது 1613-இல், ஏறக்குறைய அதே காலம்.) உறைந்த ஆற்றின் மேல் விரல் நக அளவு மனிதர்கள் சறுக்குகிறார்கள், விழுகிறார்கள், ஓரத்தில் ஒரு பழைய கதவை நிமிர்த்தி வைத்துப் பறவைக்குப் பொறி வைத்திருக்கிறார்கள். இதைக் கேன்வாஸில் சின்னதாக அடித்தால் அந்த மனிதர்களின் முகம் நெசவுக்குள் போய்விடும். மழமழப்பான மேட் (பளபளப்பில்லாத) காட்டன் பேப்பர், கனம் 300 ஜிஎஸ்எம் பக்கம், முடிந்தவரை பெரிய அளவு. உயரம் 77 சென்டிமீட்டர்தான் என்பதால் 36 அங்குல ரோலிலேயே மூல அளவில் எடுத்துவிடலாம்.

இன்னொரு டச்சு ஓவியர் யாக்கோப் வான் ரூய்ஸ்டாலுக்கு வேறு வைத்தியம். அவருடைய காடுகளிலும் முன்தரையிலும் கரும்பழுப்பு நிழல் நிறைய. மேட் பேப்பரில் கறுப்பு முழுக் கறுப்பாக வராது, ஆழ்ந்த சாம்பலில் நின்றுவிடும், அதனால் நிழலுக்குள் இருக்கும் வேரும் கிளையும் ஒரே திட்டாகக் கலந்துவிடும். மூல ஓவியங்கள் வார்னிஷ் பூசியவை, நிழலின் ஆழம் கொஞ்சம் அதிலிருந்தும் வருகிறது. அதனால் இவருக்கு பரைட்டா பேப்பர் (கறுப்பு ஆழமாக விழும், லேசாக மினுங்கும் போட்டோ பேப்பர்) அல்லது சாட்டின், அதாவது மிதமான பளபளப்புள்ள பூச்சுக் கேன்வாஸ். பளபள கிளாஸி மட்டும் வேண்டாம், ஜன்னல் எதிரொளிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உலோகத் தகட்டில் அடிப்பதும் அப்படித்தான், நவீனப் போட்டோவுக்குச் சரி, இந்த ஓவியங்களுக்கு ஒட்டாது. ஃபிளெக்ஸ், வினைல், சன்போர்டு பற்றிப் பேசவே வேண்டாம்.

பேப்பரின் வெள்ளையும் முக்கியம். கண்ணைப் பறிக்கும் நீல வெள்ளைப் பேப்பரில் பிரகாசம் கூட்டும் ரசாயனம் இருக்கும், காலப்போக்கில் அதன் வேகம் குறைந்து பேப்பர் மஞ்சளடிக்கும். டச்சு மேகங்களின் வெள்ளையில் கொஞ்சம் கிரீம் இருக்கிறது, அதனால் இயற்கை வெள்ளைப் பேப்பரே பொருத்தம். சந்தேகம் இருந்தால் கள்ள நோட்டு பார்க்கும் யுவி டார்ச்சை இருட்டில் காட்டுங்கள், பேப்பர் நீலமாக ஒளிர்ந்தால் ரசாயனம் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து இங்க். "பிக்மெண்டா, டையா, சால்வெண்ட்டா?" என்று நேராகவே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையை விட்டு வெளியே வந்துவிடலாம். வேண்டியது பிக்மெண்ட் இங்க் (நுண்ணிய நிறத்தூள் கலந்தது, எளிதில் வெளுக்காது), கூடவே தனி சாம்பல் இங்க் உள்ள மெஷின். நான்கு நிற மெஷினில் சாம்பல் என்பது மற்ற நிறங்களைக் கலந்து செய்வது, அதில் மேகம் ஒரு பக்கம் பச்சை தட்டும், இன்னொரு பக்கம் ரோஸ் தட்டும். ரூய்ஸ்டாலின் ஹார்லெம் நகரக் காட்சியில் மேல் மூன்றில் இரண்டு பங்கு வானம்தான், அங்கே சாம்பல் பிசகினால் மிச்சம் எதுவும் இல்லை.

அந்த ஓவியம் ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸில் இருக்கிறது, 55.5-க்கு 62 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட சதுரம். கடைக்காரர் 12-க்கு 18 அங்குலம் என்று தன் வழக்கமான அளவுக்கு வெட்டிவிடுவார், வெட்டுப்படுவது பெரும்பாலும் வானமாகவே இருக்கும். ஓவியத்தின் விகிதத்துக்குப் பிரேமைச் செய்யச் சொல்லுங்கள், பிரேமுக்கு ஓவியத்தை வெட்டாதீர்கள். கேன்வாஸைச் சட்டத்தில் மடித்து இழுப்பதாக இருந்தால் நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு, அதில் ஒரே அடர்நிறத்தை நிரப்பச் சொல்வது நல்லது.

ஃபைலை ரைக்ஸ்மியூசியத்தின் தளத்திலிருந்து இலவசமாகவே பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாம், மவுரிட்ஸ்ஹவுஸும் தருகிறது. எல்லா மியூசியமும் அப்படி இல்லை, வீட்டுக்கு இல்லாமல் விற்பதற்கு என்றால் ஒவ்வொன்றின் விதியையும் படித்துவிடுங்கள். அங்குலத்துக்கு 200 பிக்சல் இருந்தால் போதும், 300 இருந்தால் பேப்பரில் இன்னும் நன்றாக வரும், 24 அங்குலத்துக்கு 200 என்றால் 4,800 பிக்சல். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும், பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

கடையில் அந்தத் தம்பி நல்ல மனசோடு "கொஞ்சம் டல்லா இருக்கு சார், கலர் ஏத்திடவா?" என்பார். வேண்டாம். டச்சு வானம் நம் சித்திரை மாத வானம் இல்லை. போதாததற்கு அந்தக் கால மஞ்சள் சாயங்கள் சில வெளுத்துப்போய் இலைகள் நீலம் தட்டியிருக்கும், ஸ்மால்ட் என்ற நீலம் சாம்பலாக மாறியிருக்கும், 350 வருடம் ஆன ஓவியம் அப்படித்தான் இருக்கும்.

முழுப் பிரிண்டுக்கு முன்னால் ஒரு ஏ4 சோதனை. முழு ஓவியத்தைச் சுருக்கி அடிக்காமல், வெளிச்சமான மேகத்தில் ஒரு துண்டும் இருட்டான மரத்தடியில் ஒரு துண்டும் உண்மையான அளவிலேயே வெட்டி, இரண்டு பேப்பரில் எடுங்கள். வீட்டில் மாட்டப்போகும் சுவரிலேயே ஒட்டி, பகலில் ஒரு தடவை, ராத்திரி லைட்டில் ஒரு தடவை பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டில் வான் கோயெனின் பழுப்பு செத்துப்போகும், 3000 கெல்வின் பக்கம் உள்ள மஞ்சள் எல்இடி போட்டால் அதே பிரிண்ட் உயிர்பெறும். லைட்டை மாற்றப் போவதில்லை என்றால் அந்த வெளிச்சத்துக்கு எது பரவாயில்லையோ அந்தப் பேப்பரை எடுங்கள்.

கடைசியாக நம்ம ஊர்க் காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கும், ஐப்பசி கார்த்திகையில் சுவர் ஊறும் வீட்டுக்காரர்களுக்கும் இது பிரிண்டைவிட முக்கியம். பின்பலகை எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் ஈரத்தில் உப்பிவிடும், நல்ல பிளைவுட்டோ அலுமினியம் காம்போசிட் ஷீட்டோ கேளுங்கள். பேப்பர் பிரிண்ட் கண்ணாடியைத் தொடக்கூடாது, தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு எடுக்கவே வராது, அமிலமில்லாத மவுண்ட் போர்டு வைத்து இடைவெளி விடுங்கள். பிரேமின் கீழ் மூலைகளில் பின்பக்கம் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவில் காற்று ஓடும், பூஞ்சை குறையும். மழை அடிக்கும் வெளிச்சுவரின் உள்பக்கம் மாட்டவேண்டாம். கேன்வாஸ் என்றால் மேலே தண்ணீர் அடிப்படை வார்னிஷ் கட்டாயம், இல்லாவிட்டால் மடிப்பில் இங்க் வெடிக்கும். துணி இங்கே மழைக்குத் தளரும், ஏசிக்கு இறுகும், அதனால் மூலையில் ஆப்பு வைத்து இறுக்கக்கூடிய சட்டமாகக் கேளுங்கள்.

பிரேம் கடையில் தங்கப் பூவேலை பிரேமைத்தான் முதலில் காட்டுவார்கள். அந்தக் காலத்து டச்சு வீடுகளில் கறுப்புப் பிரேம் வழக்கம், சாதாரண கறுப்பு அல்லது கருந்தேக்கு நிறச் சட்டம் போதும். பிரிண்ட் கைக்கு வந்ததும் அன்றே பிரேமுக்குக் கொடுக்காமல் ஒரு நாள் விரித்து வைத்து இங்க் நன்றாக உலர விடுங்கள், மழைக்காலம் என்றால் இரண்டு நாள்.