நண்டுக் குடம்பி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் கொக்கிளாய்க் களப்பின் முகத்துவாரத்தில் இரண்டு மாணவர்கள் காலை ஒன்பதரை மணிக்கு வள்ளத்திலிருந்து, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிக்கும் பிளாந்தன் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். போத்தலில் நண்டுக் குடம்பி, அதாவது முட்டையிலிருந்து வெளிவந்த இளநிலை, ஒன்றுகூட இருக்கவில்லை. "இக்களப்பில் குடம்பிகள் இல்லை" என்று அவர்கள் குறிப்பேட்டில் எழுதியதைக் கண்டபோது, 12 ஆண்டுகளுக்கு முன்னர் அதே இடத்தில் நானும் எழுதிய அதே வரி நினைவுக்கு வந்தது. வலை கிழிவது, போத்தல் கவிழ்வது போன்றவற்றை எவரும் ஒரு முறையிலேயே திருத்திக்கொள்வர்; அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கடிகாரத்தைப் பார்த்து வலை இறக்குதல்

என்னிடமிருந்து ஒரு மாரி முழுவதையும் பறித்த தவறு இது. வள்ளக்காரருக்கு வசதியான நேரம் காலை என்பதால், ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரை வாரந்தோறும் காலையிலேயே மேற்பரப்பு நீரை வடித்தேன். கிடைத்தவை வெறும் போத்தல்கள். ஒரு நாள் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "தம்பி, பகலிலை ஒண்டும் அம்பிடாது. அமாவாசை இருட்டிலை பெருக்கு ஏறேக்கை வாங்கோ" என்றார். அவர் சொன்னபடி சென்ற இரவில், வலையின் அடிக்குவளைக்கு மேலே ரோச் லைற்றைப் பிடித்தபோது, அரிசிக் குறுணி அளவில், கண்ணாடி போன்ற உடலும் இரண்டு கரிய கண்களுமாக மெகலோபாக்கள் (நண்டின் கடைசிக் குடம்பிப் பருவம்), தமது சிறு கொடுக்குகளால் வலை நூலைப் பற்றியபடி தொங்கின.

காரணம் எளிது. கண்டற் சேற்றில் வாழும் நண்டுகள் பல, இரவில் கடல்நீர் ஏறும் பெருக்கு உச்சத்தை அடையும் வேளையில் சோயியாக்களை (முதற் குடம்பிப் பருவங்கள்) விடுவிக்கின்றன. கண்ணால் தேடி உண்ணும் மீன்களுக்கு அகப்படாமல் அவை நீர் வடியும் வற்றோடு கடலுக்குச் சென்றுவிடுகின்றன. கடலில் வளர்ந்து மெகலோபாவான பின்னர், இரவுப் பெருக்கில் மேலெழுந்து உள்ளே வருவதும், வற்றில் அடியிற் படிந்து இருந்த இடத்திலேயே தங்குவதுமாக, ஆறு கடலோடு கலக்கும் பொங்குமுகத்தினுள் நுழைகின்றன. ஆகவே ஓர் இடத்தில், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மேற்பரப்பிலும் அடியிலும், ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் நீளும் வற்றுப்பெருக்குச் சுற்று ஒன்று முடியும்வரை வலை இறக்க வேண்டும். துறைமுகத்துக்குரிய வற்றுப்பெருக்கு அட்டவணையைக் களப்புக்கு அப்படியே பொருத்தக் கூடாது; உள்ளே பெருக்கு பிந்தியே வரும். அளவு குறித்த தடி ஒன்றை ஊன்றிவிட்டால் நேரம் தெரிந்துவிடும். நந்திக்கடல் போன்ற களப்பில் மணல்திட்டு வாயை அடைத்திருக்கும் மாதங்களில் குடம்பி உள்ளே வர வழியே இல்லை. அக்களப்பின் வாய் அமைந்த வட்டுவாகலில் வாய் திறந்த நாளையும் மூடிய நாளையும் குறிக்காத தரவு எனக்கு எரிச்சலையே தருகிறது. "குடம்பி இல்லை" என்ற வரி அறிக்கையில் ஏறிவிட்டால், கண்டலை வெட்ட நினைப்பவருக்கு அதுவே சாட்சியாகிவிடும்.

உவர்த்தன்மையை மேலே மட்டும் அளத்தல்

மாரியில் நன்னீர் மேலேயும் கடல்நீர் அதன் கீழேயும் ஓடும். சேற்று நண்டின் தாய் முட்டையோடு கடலுக்குச் செல்வதும், அதன் ஐந்து சோயியாப் பருவங்களுக்கும் கடல்நீரை ஒத்த உவர்நீர் தேவைப்படுவதாலேயே ஆகும். மேற்பரப்பில் மட்டும் அளந்துவிட்டு, அடிநீரில் கிடைத்த குடம்பிகளோடு அந்த எண்ணைப் பொருத்துவது பிழையாகும்.

வலைக் கண்ணின் அளவு

500 மைக்ரோமீற்றர் வலை மெகலோபாவுக்குப் போதும். சிறிய நண்டுகளின் முதற்பருவச் சோயியா அதனூடாக நழுவிவிடும்.

நீரோட்டமானி இல்லாமல் இழுத்தல்

50 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வலைவாயின் பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீற்றர் என்பது தெரிந்திருந்தாலும், நீர் எவ்வளவு தூரம் அதனூடாக ஓடியது என்பது தெரியாவிட்டால், ஒரு கன மீற்றருக்கு எத்தனை குடம்பி என்று சொல்ல இயலாது.

பருவத்தை இனமாக எண்ணுதல்

1820களில் அயர்லாந்தின் கோர்க் துறைமுகத்தில் இயற்கையியலாளர் ஜோன் வோகன் தொம்சன் அது நண்டின் குடம்பி என்று காட்டும்வரை, சோயியா தனி விலங்காகவே கருதப்பட்டது. சோயியாவின் முள்ளின் நீளத்தை மட்டும் பார்த்து இனம் பிரிக்காமல், வயிற்றுக் கண்டங்களையும் உணர்கொம்புகளையும் வரைந்து ஒப்பிடுங்கள்.

அமிலமான போமலின்

மாதிரிகளைக் கெடாமல் வைக்கும் போமலினில் அமிலத்தைக் குறைக்கும் போரக்சு சேர்க்காவிட்டால் முட்கள் நொறுங்கிவிடும். மரபணு ஆய்வுக்கு உரியவற்றைப் போமலினில் இடவே வேண்டாம், எதனோலில் இடுங்கள்.

பேனா

போத்தலுக்குள் இடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள்.