காரைக் கழுவும்போது கீறல் விழாமல் இருக்க

கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சூரியன் பளிச்சென்று தெரியும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் ஓடும். இதைத்தான் ஸ்வர்ல் மார்க் என்கிறார்கள். வெள்ளைக் காரிலும் இருக்கும், சட்டென்று கண்ணில் படாது, அவ்வளவுதான். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட்டில் விழுந்த கீறல்கள் இவை. அந்தப் பூச்சு பெரும்பாலும் 50 மைக்ரானுக்குள்தான் இருக்கும். கீறலைப் போக்கப் பாலிஷ் போடும்போது அதிலும் கொஞ்சம் தேய்ந்து போகிறது. அதனால் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதே லாபம்.

கீறுவது பெரும்பாலும் துணி இல்லை, துணிக்கடியில் மாட்டும் மண். எனவே தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகும்வரை வண்டியில் கை வைக்காதீர்கள்.

நிழலில் நிறுத்தி, பானெட் ஆறியதும் ஆரம்பியுங்கள். முதலில் சக்கரங்கள். பிரேக் தூள் படிந்த இடம் என்பதால் அதற்குத் தனி வாளி, தனி பிரஷ். அப்புறம் ஹோஸ் பைப்பால் ரூஃபிலிருந்து கீழ்நோக்கி நிதானமாகத் தண்ணீர் அடியுங்கள். காய்ந்த சேறு இருந்தால் ஊறவிட்டு மறுபடி அடியுங்கள்.

இப்போது இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு நீரில் முக்கி, ஒரு பகுதியை முடித்ததும் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புக்குப் போக வேண்டும். ரூஃப், கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி என்று இறங்கி வாருங்கள். மண் அதிகம் இருக்கும் கதவின் அடிப்பாகமும் பம்பரும் கடைசியில். அழுத்தாமல், வட்டமாகச் சுற்றாமல், நேர்கோட்டில் தேயுங்கள். கையுறை தரையில் விழுந்தால் அன்றைக்கு அதை மறந்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், மெழுகுப் பூச்சு போய்விடும்.

நல்ல தண்ணீரில் அலசியதும் உடனே துடையுங்கள். போர்வெல் தண்ணீர் காய்ந்தால் உப்புக்கறை படியும். பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்து ஒற்றி எடுத்தாலே போதும். அந்த டவலைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்றாதீர்கள், ஈரத்தை உறிஞ்சாமல் போய்விடும்.

இவ்வளவும் ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டு, திங்கள் காலை காய்ந்த துணியால் தூசி தட்டினால் எல்லாம் வீண். என் கணக்கில் அபார்ட்மென்ட் கார்களைக் கெடுப்பதே இந்தத் தினசரித் துடைப்புதான்: ஒரே வாளி, ஒரே துணி, பத்து வண்டி. கார் துடைக்க வருபவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம் கேட்ட வேலையைத்தான் அவர் செய்கிறார். “அண்ணே, தினமும் துடைக்க வேண்டாம், வாரம் ஒருதடவை தண்ணி அடிச்சுக் கழுவினா போதும், காசு அதேதான்” என்று சொல்லிவிட்டு, கையுறையையும் இரண்டாவது வாளியையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

கவர் போடுவதாக இருந்தால் கழுவிக் காய்ந்த காருக்கு மட்டும் போடுங்கள். தூசி மேல் போட்ட கவர் காற்றில் ஆடினாலும் கீறல் விழும்.