பழைய காரில் மின்கோளாறு: பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்

பழைய மாருதி 800-லோ அம்பாசிடரிலோ சாவியைத் திருப்பியதும் செல்ஃப் (என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார்) 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிட்டால், பெரும்பாலோர் உடனே புதிய பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். கடலூர், புதுச்சேரி போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் பேட்டரிக்கு முன்பே சந்தேகிக்க வேண்டியது எர்த் இணைப்பைத்தான். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் செல்லும் எர்த் ஒயரின் நுனியில், போல்ட்டுக்கு அடியில் பச்சையாகப் படிந்திருக்கும் களிம்பு, அதைக் கழற்றிப் பார்த்தாலன்றித் தெரியாது.

கண்டினியூட்டி (மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா என்பது) மட்டும் பார்த்துவிட்டு எர்த் சரியாக இருப்பதாக முடிவு செய்வது அடுத்த தவறு. ஒயரில் ஓரிரு இழைகளே மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் 'பீப்' ஒலி எழுப்பும். ஆனால் செல்ஃப் இழுக்கும் மின்னோட்டத்தை அந்த இழைகள் தாங்கா. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றொன்றை என்ஜினின் துருவில்லாத இரும்பிலும் பிடித்துக்கொண்டு, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிவது, பின்விளக்கு எர்த் கெட்டிருப்பதன் தெளிவான அடையாளம்.

சில மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். இதை அளக்காமல், ஓடும் என்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'டைனமோ' (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்) வேலை செய்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்போது எகிறும் வோல்டேஜ் ஆல்டர்னேட்டரின் டையோடுகளையும், எம்பிஎஃப்ஐ (மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியில் கண்ட்ரோல் யூனிட்டையும் சேர்த்தே கெடுக்கக்கூடும்.

10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று 20 ஆம்பியர் மாட்டுவது அதைவிட ஆபத்தானது. ஃபியூஸ் தப்பி, ஒயர் உருகும்.

இரவு நிறுத்திய வண்டி காலையில் சார்ஜ் இறங்கிக் கிடந்தால், நெகட்டிவ் ஒயரைக் கழற்றி இடையில் மீட்டரை ஆம்பியரில் இணைத்து அளக்கலாம். அந்நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கதவுகளைச் சாத்திய பின்னும் 50 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதில் அளவு இறங்குகிறதோ அந்த லைனில் தேடுங்கள். பிற்காலத்தில் மாட்டிய மியூசிக் சிஸ்டத்தின் ஒயரை ஃபியூஸ் பாக்ஸைத் தொடாமல் நேராகப் பேட்டரியில் முறுக்கியிருந்தால், அதை முதலில் கழற்றிவிட்டு அளப்பது நல்லது.