நடத்தாத பாடத்திலிருந்து கேள்வி வந்தால் எப்படி முறையிடுவது?

படி 1: தேர்வறையில்

"இதை நடத்தவே இல்லையே" என்று வயிற்றைக் கலக்கும் கேள்வி வந்தால், அதை வெறுமனே விட்டுவிடாதீர்கள். தெரிந்த சூத்திரம், வரையறை, படம் என்று எதையாவது எழுதி, கேள்வி எண்ணைத் தவறாமல் போடுங்கள். பின்னால் அந்தக் கேள்விக்குக் கருணை மதிப்பெண் கொடுப்பதாக முடிவானால், எழுத முயன்றவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. கண்காணிப்பாளரிடம் வாதாட வேண்டாம், கேள்வித்தாளை மாற்றும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

படி 2: கேள்வி எந்த வகை?

எல்லாமே இதில்தான் இருக்கிறது, அவசரப்படாமல் பாருங்கள். கணக்கு வகுப்பில் வகையிடலில் (differentiation) பெருக்கல் விதி, அதாவது இரண்டு சார்புகளின் பெருக்கலை வகையிடும் விதி வரைக்கும்தான் நடத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். x² sin x-ஐ வகையிடச் சொன்னால், அந்தக் கணக்கை முன்னே பின்னே பார்த்திருக்காவிட்டாலும் அது நடத்திய பாடம்தான். அதை எதிர்த்துப் போனால் உங்கள் பேச்சு எடுபடாது. sin(x²) கேட்டிருந்தால் கதை வேறு, அதற்குச் சங்கிலி விதி, அதாவது ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு இருந்தால் வகையிடும் விதி வேண்டும்.

அப்புறம் பாடத்திட்டத்தை எடுங்கள். அதிலேயே சங்கிலி விதி இல்லையென்றால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. பாடத்திட்டத்தில் இருந்து, வகுப்பில் மட்டும் விடுபட்டிருந்தால் கேள்வித்தாள் யார் தயாரித்தது என்று பாருங்கள். உங்கள் ஆசிரியரே தயாரித்த உள்தேர்வு என்றால் தாராளமாகக் கேட்கலாம். வெளியாள் தயாரித்த பொதுத்தேர்வு என்றால், அவருக்குப் பாடத்திட்டம்தான் கணக்கு, உங்கள் வகுப்பில் எது நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அங்கே கேள்வி தப்பு என்று சொல்லிப் பயனில்லை, பாடம் முடிக்கப்படவில்லை என்பதைத்தான் நிர்வாகத்திடம் புகாராகக் கொடுக்க வேண்டும்.

படி 3: ஆதாரம்

உங்கள் நோட்டு மட்டும் போதாது. ஒரு நாளும் விடுப்பு எடுக்காத இரண்டு மூன்று பேரின் நோட்டுகளையும் புரட்டுங்கள், நீங்கள் வராத நாளில் அந்தப் பாடம் நடந்திருக்கலாம். "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று குழுவில் அனுப்பிய செய்தி, வீட்டுப்பாடம் எதிலாவது அது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதை மறைக்காதீர்கள். அவர்கள் எடுத்துக் காட்டும்போது மற்ற நியாயமும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

படி 4: ஆசிரியரிடம்

பத்துப் பேராகப் போய் நிற்க வேண்டாம், இரண்டு பேர் போதும். "நீங்கள் நடத்தவில்லை" என்று ஆரம்பிக்காமல், "சார், 14-ஆம் கேள்விக்குச் சங்கிலி விதி தேவைப்படுகிறது, எங்கள் நோட்டில் பெருக்கல் விதியோடு நிற்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள்.

படி 5: மனு

அங்கே தீரவில்லை என்றால் துறைத் தலைவருக்கோ தேர்வுப் பிரிவுக்கோ ஒரு பக்க மனு. தேர்வின் பெயர், தேதி, கேள்வி எண், அதன் மதிப்பெண், பாடத்திட்டப் பக்கத்தின் நகல், கையெழுத்துகள். முறையீட்டுக்குக் கடைசி நாள் என்று ஒன்று இருக்கும், அதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

என்ன வேண்டும் என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள். கேள்வியை நீக்கி மீதிக்குக் கணக்கிடச் சொல்லலாம்: 100-இல் 8 மதிப்பெண் கேள்வி போனால், 92-க்கு 69 எடுத்தவருக்கு 75 சதவீதம் வரும். ஆனால் அந்தக் கேள்வியைத் தானாகப் படித்துச் சரியாக எழுதியவர் இதில் நஷ்டப்படுவார், அது நியாயமே இல்லை. அதனால் எல்லோருக்கும் அந்த 8 மதிப்பெண்ணையும் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மனுவைக் கொடுத்ததும் நகலில் தேதியோடு ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.